நேரா கிணத்துல விட்ட பைப்

28-9-2003, ஞாயிறு. அரியலூர்.
புழுக்கம். மணி பதினொண்ணு தாண்டிடுச்சு. இந்நேரத்துக்கு எழுதறேன்னு கோவிச்சுக்காதீங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா. நீங்க ஷார்ஜாவுலேர்ந்து போன் பண்றப்ப பக்கத்துலயே அத்தை. எதையும் பேச முடியல. அதான் இந்த நோட்டு. அனுப்புவேனான்னு தெரியாது.

மழைநீர் பைப் மாட்டியாச்சு, மாடியிலேர்ந்து கிணத்துக்கு. நாளைக்கு டவுன் பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து பார்க்க வராங்க. பைப் மாட்டலேன்னா குழாய் இணைப்பை வெட்டிடுவாங்களாம். நடுவுல ஜல்லி, கரி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி கட்டணும்னு நோட்டீஸ்லயே இருக்கு. ஜல்லி வரல. கொத்தனார் என்னைத்தான் கேட்டார். "இப்போதைக்கு நேரா கிணத்துல விடுங்க, தொட்டி அப்புறம் கட்டிக்கலாம்"னேன். நான்தான் சொன்னேன்.

29, திங்கள்.
வெயில். ஆபீஸ் ஆள் வந்தார். அண்ணாந்து பார்த்தார், பைப்பை விரலால தட்டினார், டிக் போட்டார், மோர் குடிச்சார், போயிட்டார்.

சாயங்காலத்துக்குள்ள தெருவுல இன்னும் அஞ்சு வூட்டுக்கு அதே மாதிரி மாட்டிட்டார் கொத்தனார். தொட்டி எங்கன்னு எதிர்வீட்டு மல்லிகா அக்கா கேட்டாங்களாம். "பி.எஸ்ஸி. படிச்ச புள்ள வூட்டுலயே இப்படித்தான்"னாராம் கொத்தனார், என்னைச் சொல்லி. அத்தைக்கு ஒரே பெருமை. நான் நோட்டீஸை மடிச்சு அலமாரியில வச்சுட்டேன்.

1-10, புதன்.
நேத்து ராத்திரி மழை. எத்தனை மாசம் கழிச்சு! தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துச்சு. மாடியில படிஞ்ச சிமெண்ட் ஆலைத் தூசி, காக்கா எச்சம், எல்லாம் கிணத்துக்குள்ள. காலையில இறைச்சா அரிசி கழுவின தண்ணி மாதிரி. புதுத்தண்ணி அப்படித்தான், தெளிஞ்சிடும்னாங்க அத்தை. தெளிஞ்சுது. குடிச்சோம்.

பாப்பாவுக்குக் காய்ச்சித்தான் குடுத்தேன். கிண்ணம் கழுவினது? அத்தை நடுவுல காய்ச்சாத தண்ணி ஊட்டினது?

2, வியாழன்.
பாப்பாவுக்கு விடியறதுக்குள்ள நாலு தடவை வயித்தால போச்சு. கண்ணு உள்ள போயிருக்கு. லீவு நாள். டாக்டர் வூட்டுலயே பார்த்தார். உப்பு சர்க்கரைக் கரைசல், ஒரு சிரப். என்ன தண்ணின்னு கேட்டார். கிணத்துத் தண்ணின்னு மட்டும் சொன்னேன்.

வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி பைப்பைப் பிடுங்கினேன். அத்தை ஏன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அத்தை வாசலை எட்டிப் பார்த்தாங்க. அப்புறம், "நம்மளதைக் கழட்டியாச்சுல்ல. தெருத்தெருவா தமுக்கடிக்காத. நாளைக்கு எவ புள்ளைக்கு என்ன வந்தாலும் உன் தலையிலதான் விடியும்."

மல்லிகா அக்கா பொண்ணுக்கு மூணு வயசு.

3, வெள்ளி.
காலையிலேயே வானம் இருட்டிகிட்டு. பாப்பாவை இடுப்புல வச்சுகிட்டு அஞ்சு வூட்டுக்கும் போனேன். ஒருத்தங்க சிரிச்சாங்க. ஒருத்தங்க பைப்புக்கு ஆன செலவை யார் தருவான்னாங்க. ரெண்டு பேர் உடனே ஏணி தேடினாங்க.

கடைசியா மல்லிகா அக்கா. வாசல் தெளிச்சுகிட்டிருந்தாங்க. சொல்லி முடிச்சேன்.

"நீ உன் புள்ளைக்கு எந்தத் தண்ணி குடுத்த?"

"இதேதான்க்கா."

பாப்பா மூஞ்சியைப் பார்த்தாங்க. வாளியைக் கீழ வச்சுட்டு உள்ள போயி கதவைச் சாத்திட்டாங்க. அவங்க பைப் கிணத்துலயேதான் இருக்கு. மழை ஆரம்பிச்சாச்சு, அந்தப் பைப்புல தண்ணி விழறது இங்க நல்லா கேட்குது.

பாப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டு தடவைதான். கை மட்டும் சில்லுன்னு இருக்கு. தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன்.

இந்தப் பக்கங்களைக் கிழிச்சு நாளைக்குத் தபால்ல போடறேன். அத்தை போன்ல வேற மாதிரி சொல்வாங்க. கோவமா இருந்தாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்க.