அப்பாவின் சிலிண்டர்

கிளென்,

தூங்குவதுபோல் நடிக்கும் உன்னை எழுப்ப நேரமில்லை. முக்குளிப்பு வகுப்புக்குக் கிளம்புகிறோம். சாசேஜ் அடுப்பிலேயே இருக்கிறது, சூடாக்கிக்கொள். உன் வண்டிச் சாவி ஃபிரிட்ஜ் மேலே.

நேற்று நீச்சல்குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடியும் முதுகில் காற்றுச் சிலிண்டருமாக முழு வேஷத்தோடு நின்று, மற்ற பெற்றோருக்குப் பவளத்திட்டில் சுறா பார்த்த கதையை முழங்கிக்கொண்டிருந்தாய். நம் மார்னியோ, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, கூட முங்கப்போகும் ஜோடியான உன் சாதனங்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"சுறா அப்புறம் வரட்டும்ப்பா. மொதல்ல சிலிண்டரத் தொற, காத்தே வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நீ காரில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

ஒன்பது வயதில் அப்பா என்றுகூடப் பார்க்காமல் சோதித்தாளே. இத்தனை வருடம் கற்றுக்கொடுத்ததில் எனக்கு இதைவிடப் பெருமை கிடைத்ததில்லை. உனக்கும் பெருமைதான், மீசைதான் தடுக்கிறது.

இன்று கடைசி வகுப்பு. ஜோடி இல்லாத பிள்ளையை நான் தண்ணீரில் இறக்கமாட்டேன், என் மகளானாலும்.

பி.கு: உன் சிலிண்டரை எடுத்துப் போகிறோம். வெறும் கையோடு வந்தால் போதும்.

இன்னொன்று: வேறு யாரையாவது ஜோடி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா. என்னோடத அப்பாதான் செக் பண்ணணும்" என்கிறாள்.