தோளில் இல்லாத துண்டு

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் ஈப்போ நீதிமன்றச் சம்மனோடு வந்தாள். நாளை அவள் கணவனின் வழக்கு. "ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்னு சொல்றாங்க சார். அவரு செய்யலதான். ஆனா யாரு அலையிறது?" என்றாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். உன் துண்டை எடுத்தேன், மச்சான். நீ இறந்துபோய் வருடங்கள் ஆகிவிட்டன. துண்டில் ரப்பர் பால் வாசமும் போய்விட்டது. கறை மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. செமோருக்கு அப்பால் நம் ரப்பர்த் தோட்டத்தில் நான் பள்ளி வாத்தியார், நீ மரம் சீவுகிறவன். உன் வீட்டுக்குப் பின்னால், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் ஒரு மூட்டை கிடந்தது. நீதான் திருடினாய் என்று காவற்காரன் சொல்ல, போலீஸ் உன்னைப் பிடித்துப்போனது. நான் ஜாமீன் நின்று அழைத்துவந்தேன். தண்டனை என்றால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். உன் மனைவிக்கோ நிறைமாதம்.

வழக்கு நாளில் கோர்ட்டுக்குப் பஸ் ஏறினோம். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். பள்ளியிலிருந்து பாதியில் பிள்ளையைக் கூட்டிப்போகும் தகப்பன், நாளைக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று பொறுப்பேற்கிறானே, அதுதான் ஜாமீன் என்றேன்.

"அப்ப நான் ஒன் புள்ளையா? மிட்டாய் வாங்கிக் குடு."

குற்றச்சாட்டு என்றால் உன்மேல் ஒருவர் சொல்வது, அவ்வளவுதான். நிரூபித்தாகிவிட்டது என்று பொருளில்லை என்றேன். "'சார், இவன் என் பென்சில எடுத்துட்டான்'னு ஒருத்தன் சொன்னா, விசாரிக்காம அடிப்பேனா?"

"நீ அடிச்சிட்டுத்தான் லா விசாரிப்ப!"

முன்சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன், அடுத்து நீ சொன்னதைக் கேட்காதிருந்தால்.

"நான் தப்புதாங்கன்னு சொல்லிர்றேன் வாத்தியாரே. தொரைகிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்கோம். திட்டுவாரு, போடான்னுவாரு. முடிஞ்சிச்சு."

தோட்டத்தில் அதுதான் வழக்கம். செய்தாலும் செய்யாவிட்டாலும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, 'தப்புதாங்க' என்றால் மேனேஜர் துரையின் கோபம் தணியும், மறுநாள் வேலைக்குப் போகலாம். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சியைக் கூப்பிடமாட்டார்கள். காவற்காரனை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நேரே தண்டனைதான்.

"அது மன்னிப்பு கேக்குற எடம் இல்ல மச்சான்."

"எதுத்துப் பேசுனா ஜட்ஜு கோவப்பட மாட்டாரா?"

"எதுத்துப் பேசுறது இல்ல. அவரு கேக்குறாரு, நீ பதில் சொல்ற."

தலையாட்டினாய். ஆனால் உன் விரல்கள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

கோர்ட்டில் உன் பெயரைக் கூப்பிட்டதும் துண்டை உன் தோளிலிருந்து உருவிக்கொண்டேன். "என்னா லா இது?" என்று நீ திரும்புவதற்குள் உன்னைக் கூண்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசித்தார். "ஒப்புக்கொள்கிறீர்களா?"

உன் முதுகு வளையத் தொடங்கியது. வலது கை தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் நான் துண்டை இறுகப் பிடித்திருந்தேன். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்டார். நீ கையைக் கீழே விட்டாய்.

"இல்லீங்க. நான் எடுக்கல. விசாரிங்க."

வெளியே வந்ததும் துண்டை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "தொண்ட வரைக்கும் வந்திருச்சு வாத்தியாரே. இது இருந்திருந்தா 'தப்புதாங்க'ன்னு சொல்லியிருப்பேன். நீயே வச்சுக்க."

விசாரணைக்கு வெறுந்தோளோடு வந்தாய். மூட்டையைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்று காவற்காரன் சொன்னான். உன்னை விடுவித்தார்கள். அதன்பிறகு துரையின் ஆபீசுக்கும் நீ துண்டோடு போனதில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். நாளை அவர்களோடு நானும் போகிறேன். அவள் கணவன் தொழிற்சாலையில் வேலை செய்பவன், துண்டு போடும் பழக்கமில்லை. ஆனால் மாலையில் அவளோடு என் முன்னால் வந்து நின்றபோது அவன் முதுகிலும் அந்த வளைவைப் பார்த்தேன். அவன் பெயரைக் கூப்பிடும் முன் காட்டுவதற்காக உன் துண்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.