கறுப்பு ஒயரைக் காணோம்

சிமியுவோட அப்பாவுக்கு,

புங்கோமா டவுனுக்குப் போற வேனைப் பிடிக்க ஓடறேன். உகாலிக் களிய மூடி வச்சிருக்கேன், கீரைய மட்டும் சூடு பண்ணிக்கோங்க.

கோழிக்கூட்டுல இருக்கிற சென்சார், ஆள் நுழைஞ்சதைச் சமையலறை அலாரம் போர்டுக்கு ஏன் சொல்லலைன்னு தெரிஞ்சுபோச்சு. புரோகிராமைத் திருத்தினேன், பேட்டரிய மாத்தினேன், ஒண்ணும் நடக்கல. சென்சாரைக் கழட்டி மேசையில வச்சு வேற ஒயர் கொடுத்தேன். கையை அசைச்சதும் போர்டு கத்துது! அப்போ கோளாறு ஒயர்லதான்னு கூட்டுக்குப் போனேன். சிவப்பும் மஞ்சளும் இருக்கு. கறுப்பு கிரவுண்டு ஒயரை மட்டும் ஒரு முழத்துக்கு யாரோ வெட்டியிருக்காங்க. அது இல்லாம சென்சாருக்குக் கரண்டே ஓடாது.

சேவல் காணாமப்போனப்போ, "சேவலைத் திருடன் தூக்கிட்டுப் போயிட்டான், உன் மெஷின் தூங்குது"ன்னு சிரிச்சீங்களே. ஒரு முழம் ஒயருக்கு ஆசைப்படற திருடனை நான் எங்கயும் பார்த்ததில்ல.

சாயங்காலம் உங்க அக்கா நஞ்சாலா வர்றாங்க. சோடா வாங்கி வைங்க.

சொல்ல மறந்துட்டேன். "மாப்பிள்ளை விருந்துக்கு என் தம்பி கொடுத்த சேவல்"னு உங்க அக்கா எனக்குப் போட்டோ அனுப்பியிருக்காங்க. சேவலோட காலைக் கட்டியிருக்கிறது என் கறுப்பு ஒயர்தான். வரும்போது அந்த ஒயரை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். எதுக்குன்னு கேட்டாங்க. நீங்களே சொல்லிடுங்க.