வெட்டச் சொன்ன மஞ்சள் மரம்

சாகாயே,
மே 17

அன்புள்ள என் கணவர் தெய்ஜி அவர்களுக்கு,

மித்சுயே எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிற மனிதர் அப்படியொரு சம்மதக் காகிதத்தில் கையெழுத்து முத்திரை குத்தி அண்ணனுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

உங்கள் கடிதம் மார்ச்சிலேயே வந்தது. கோபம் ஆறட்டும், பிறகு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதிவிடுவோம் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே நல்ல வெயில். மலையில் பனி இன்னும் பாதி இருக்கிறது. உங்கள் நகோயாவில் இந்நேரம் வியர்த்துக் கொட்டும். தொழிற்சாலையில் நின்றே வேலை என்று எழுதியிருந்தீர்கள். இடுப்புக்கு அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா?

சரி, மரத்துக்கு வருகிறேன். மஞ்சள் செர்ரியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் அண்ணன் தோட்டத்துச் சிவப்பு ரகத்தையே வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நீங்கள் ஒட்டுப் போட்ட மரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வருடம் பனிக்காலத்தில் கிளை ஒடியாமல் பனியைத் தட்டிவிட்டது யார்? இந்த மார்ச்சிலும் இடுப்பளவு பனிமேல் ஏறி நின்று அதிகப்படி மொட்டுகளைக் கிள்ளினேன். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. உங்கள் முத்திரையா வந்து கிள்ளியது?

ஏப்ரல் ஐந்தாம் தேதி உங்கள் அண்ணன் இவாவோ, இயந்திர ரம்பத்தோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முன்னாலேயே நம் குட்டி லாரியை மரத்தோடு ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியை மிசோ விழுதுப் பீப்பாய்க்குள் அமுக்கி வைத்துவிட்டேன். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தம்பியே முத்திரை போட்டுக் கொடுத்துட்டான், நடுவுல நீ யாரும்மா?" என்றார். "முத்திரை போட்டவரை வரச் சொல்லுங்க பெரியத்தான். அவர் கையால வெட்டட்டும், நான் தள்ளி நிக்கிறேன்" என்றேன். ரம்பக்காரர் சிரித்துவிட்டார். அதில்தான் உங்கள் அண்ணனுக்குக் கோபம் அதிகம். "நீ சம்சாரியா சண்டைக்காரியா?" என்று கத்திவிட்டுப் போனார். இரண்டும்தான் என்று அவர் முதுகுக்குச் சொன்னேன்.

நீங்கள் ஏன் முத்திரை குத்தினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வருடம் கொள்முதல் நிலையத்தில் நடந்ததை நானும் லாரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். தரம் பார்க்கிற ஆள், பழத்தின் நிறத்தை ஒப்பிடும் பலகையை நம் பெட்டிமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது காய். பத்து நாள் கழிச்சுக் கொண்டாங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் உங்கள் அண்ணன். திரும்பும் வழியில் பதினாறு பெட்டியையும் ஆற்றில் கொட்டினீர்கள். செப்டம்பரில் நகோயாவுக்குப் போனீர்கள். புத்தாண்டுக்குக்கூட வரவில்லை. அரிசிப் பலகாரத்தை நான் தனியாகத்தான் சுட்டுத் தின்றேன்.

அந்தப் பலகைக்காரன் முட்டாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மரத்தை முதலில் நம்பாதவர் நீங்கள்தான். ஊரெல்லாம் செய்கிறதென்று நீங்களும் பழத்தைச் சுற்றி இலையைக் கிள்ளினீர்கள். வெயில் எதிரடிக்க, மரத்தடியில் வெள்ளித் தாளை விரித்தீர்கள். சிவப்பு ரகத்துக்கு அது சரி. மஞ்சளாய்ப் பழுக்கிற பழத்துக்கு எதற்கு? அது சிவக்கவா போகிறது? பழத்தின் கன்னம் வெந்து பழுப்புத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். பலகைக்காரனுக்குப் பிடித்த நிறத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தீர்கள். அது மாட்டேன் என்றது. எனக்கு அந்த மரத்தைப் பிடித்ததே அதனால்தான்.

இந்த வருடம் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. வெள்ளித் தாளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. ஏப்ரல் கடைசியில் உறைபனி இறங்கியது. உங்கள் அண்ணன் விலை போகிற சிவப்பு ரகத்துக்கெல்லாம் மேட்டைக் கொடுத்துவிட்டு, மகரந்தம் தருகிற துணை மரங்களை ஓடைக்கரைப் பள்ளத்தில் நட்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? குளிர் முழுக்கப் பள்ளத்தில் போய்த் தேங்கிவிட்டது. ஒரு மொட்டை நகத்தால் பிளந்து பார்த்தேன், நடுவில் கரிக்கட்டை. ஊரில் எல்லார் வீட்டிலும் இதே கதை. மேட்டில் அவருடைய சிவப்பு ரகம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. ஆனால் தன் ரகத்து மகரந்தத்தால் அது காய்க்காதே. வேறு ரகம் வேண்டும். அந்தச் சரிவிலேயே பிழைத்துப் பூத்திருந்த வேறு ரகம் ஒன்றே ஒன்று. எது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவள் தேநீர்க் குடுவையை மறந்துவிட்டேன் என்று பாதியில் திரும்பி வந்தேன். நம் மூன்றுகால் ஏணிமேல் ஓர் ஆள். முகம் தெரியாமல் துண்டு கட்டிக்கொண்டு, நீளக் கம்பு நுனியில் கட்டிய வாத்திறகால் மஞ்சள் மரத்துப் பூவை வருடிக்கொண்டிருக்கிறார். முகத்தை மூடி என்ன, அந்தத் தொப்பை ஊருக்கே தெரியுமே!

"என்ன பெரியத்தான், ஒட்டடை அடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். ஏணியே ஆடியது. பூ எப்படி இருக்குன்னு சும்மா பார்த்தேன் என்றார். "பூவைக் கண்ணால பாக்கணும், இறகால இல்ல" என்றேன். மெல்ல இறங்கினார். துண்டை அவிழ்த்தார். "துணை மரம் மொத்தமும் கருகிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்தான் பூ தாங்கும்" என்றார். "வெட்டச் சொன்ன மரத்துக்கிட்டயே வந்து நிக்கிறீங்களே, கூச்சமா இல்லையா?" என்று கேட்டேன். "கூச்சமாத்தான் இருக்கு. அதனாலதான் நீ சாப்பிடப் போற நேரமாப் பார்த்து வந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சும்மா விடவில்லை. இரண்டு கேட்டேன். ஒன்று, உங்கள் முத்திரைக் காகிதம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டாவது, நம் மஞ்சள் பழப் பெட்டிகளை இந்த வருடம் அவரே தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு வர வேண்டும். "நான் சொன்னா மட்டும் அவங்க கேட்டுடுவாங்களா?" என்றார். "கேக்கலைன்னா பரவாயில்ல. கூட நின்னு சிரிக்காம இருங்க, அது போதும்" என்றேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

பிறகு நானும் ஓர் இறகுக் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் இறகில் மகரந்தத்தை ஒற்றி எடுத்துக்கொண்டு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறி மாறி நடந்தோம். இப்போது அவர் மேட்டில் கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு. நம் மரத்திலும் கடலைப் பருப்பு அளவுக்கு இறங்கியிருக்கிறது.

கொள்முதல் நிலையம் மறுபடி திருப்பி அனுப்பினாலும் எனக்குப் பயமில்லை. இந்தத் தடவை ஆற்றில் கொட்ட ஆளில்லை. சாலையோரம் பெட்டியைப் போட்டு உட்காருவேன். 'இது பழுத்துவிட்டது, கடித்துப் பார்' என்று பலகை எழுதி வைப்பேன். பறவைகள்கூட இதைக் காய் என்று நினைத்து விட்டுவிடுகின்றன. மனிதர்களும் அப்படித்தான் என்றால் போகட்டும், நானே தின்றுகொள்கிறேன்.

உங்கள் காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கவில்லை, கசக்கவும் இல்லை. மரம் வெட்டத்தான் வேண்டும் என்றால் ஜூன் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். அப்போது பழம் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். விரல் பட்ட இடம் பழுப்பேறிவிடும், காம்பைப் பிடித்துத்தான் பறிக்க வேண்டும். அந்தப் பக்குவம் உங்கள் கைக்குத்தான் உண்டு, எனக்குப் பத்தில் இரண்டு வீணாகிறது. ஏணியில் ஏறி, ஒன்றே ஒன்று பறித்து வாயில் போடுங்கள். அதற்குப் பிறகும் வெட்டத் தோன்றினால் வெட்டுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

ரம்பம் கொண்டு வர வேண்டாம். வீட்டில் இருக்கிறது, தீட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி
மித்சுயே