ஊர் எல்லையில் என் பெயர்ப் பலகை

அன்புள்ள காரெட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. டெக்சாஸில் இன்னும் ஒரு சொட்டு மழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததை அம்மா சொன்னாள். உன் கல்லூரி அணியில் ஆட்டத்தை நடத்துகிற மூத்த குவார்ட்டர்பேக்குக்குத் தோள் இறங்கிவிட்டது, சனிக்கிழமை அவன் இடத்தில் உனக்கு முதல் ஆட்டம், நீயோ கோச்சிடம் போய் வேறு பையனை இறக்குங்கள் என்று சொல்லப்போகிறாயாம். அப்பா மாதிரி எனக்கு இரும்பு நெஞ்சு கிடையாதும்மா என்றாயாமே. கேட்டதும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, இரண்டாவது தட்டோடு எழுந்துவிட்டேன்.

அந்த இரும்பு நெஞ்சின் லட்சணத்தைக் கேள். பள்ளிப் பஸ்ஸில் நீ தினமும் பார்த்து வளர்ந்த பலகை, லைல் ஹட்சின்ஸின் ஊர், 1995 சாம்பியன் என்று ஊர் எல்லையில் நிற்கிறதே, அந்தப் பள்ளி ஃபுட்பால் இறுதி ஆட்டம்தான். கடைசி ஒன்பது விநாடி, நாலு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், தாண்டினால் ஜெயிக்கும் கோட்டுக்கு ஒரு கஜம் பாக்கி. கோச் மெக்ரேடி ஓரத்திலிருந்து பதினாலு என்று கத்தினார். மணிக்கட்டுப் பட்டையில் பதினாலுக்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்துப் பத்துப் பேருக்கும் சொல்லவேண்டியது என் வேலை, உனக்குத் தெரியாததா. பதினாலு என்றால் பந்தை அணைத்துக்கொண்டு நடுவே முட்டுவது. ஆனால் சற்று முன்புதான் என் பட்டை கிழிந்து, அவசரத்தில் பையைத் துழாவி வேறொன்றை மாட்டியிருந்தேன், அது போன வாரத்துப் பட்டை. அதில் பதினாலு என்றால் மூலைக்கு எறிவது. எதிரணி முழுக்க நடுவில் குவிய, மூலையில் எங்கள் அணி டப் தனியாக நின்றான், எறிந்தேன், பிடித்தான். ஊரே என்னைத் தோளில் தூக்கியது. கோச் மட்டும் என் மணிக்கட்டைப் பார்த்தார், பட்டையை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, தம்பி, முப்பது வருஷத்துக்கு வாயத் தொறக்காதே என்றார்.

கெடு முடிந்துவிட்டது. ஆகவே நேற்றுக் காலை டோனட் கடையில் எல்லார் முன்னாலும் எழுந்து உண்மையைக் கக்கினேன். ஒருத்தர் நம்பவேண்டுமே. கடைக்காரி பேர்ல், பாவம்யா, புள்ள பயப்படறான்னு தன் பேரையே கெடுத்துக்கிறான், இவனல்லவா அப்பன் என்று கண்ணைத் துடைத்து எனக்கு ஒரு டோனட் சும்மா கொடுத்தாள். டப்போ, எனக்கென்னடா தெரியும், மூலைக்கு ஓடுன்னு கத்தினே, ஓடினேன், உளறாம காப்பியக் குடி என்றான். பலகைக்குப் புது வண்ணம் அடிக்கப்போகிறார்களாம்.

ஊர்க் கீர்த்தியை நீ சுமக்கவும் வேண்டாம், என்னால் இறக்கி வைக்கவும் முடியாது, அது ஊருக்கு வேண்டிய பொம்மை. அன்று நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான், பயந்த பத்து முகம் என்னைப் பார்த்தபோது முணுமுணுக்காமல் உரக்கச் சொன்னேன். ஆறு வயதில் கொல்லையில் பந்து விளையாடும்போது உன் சித்தப்பாவையே தப்பான இடத்தில் நிற்கிறாய் என்று அதட்டினவன் நீ, உனக்கா அது வராது? கோச்சிடம் ஒன்றும் சொல்லாதே. ஆடு. தப்பாக எறிந்தால் எறிந்ததுதான், அடுத்ததைச் சொல்.

அம்மா சுட்ட பீக்கன் கொட்டைப் பலகாரத்தோடு இந்தக் கடிதத்தையும் வைத்து விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பலகாரத்தை அறைத்தோழனுக்கும் கொடு. அம்மாவுக்கு மறக்காமல் போன் செய், அழாமல். வெள்ளிக்கிழமை விடியும்போதே வண்டியை எடுக்கிறோம். கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். மைதானத்தில் எங்களைத் தேடித் தலையைத் தூக்காதே, உன் பத்துப் பேரைப் பார்.

உன் அப்பா,
லைல்