மாமன் கைச் சோறு

சேந்தமங்கலம்
8-3-1937

பிரிய மைத்துனர் நாச்சிமுத்து அவர்களுக்குத் தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அய்யனும் தங்கள் தங்கை சௌந்திரமும் குழந்தை கந்தனும் சௌக்கியம். சென்னையில் தங்கள் தேக நலத்துக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் குறைவில்லை என்று நம்புகிறோம்.

குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்தது. இன்னும் சோறூட்டவில்லை. ஆறாம் மாதமே தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, மாமன் கையால் முதல் வாய் ஊட்டியிருக்க வேண்டும். மாமன் கை படாமல் நம் வீடுகளில் குழந்தை சோறு தொடுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. தாங்கள் ஒரு விதவையை மணந்துகொண்டதால், அந்தக் கை தம் பேரன் வாயில் படக்கூடாது என்று அய்யன் சொல்லியிருந்தார். இப்போது பெரிய மனது செய்து இறங்கி வந்திருக்கிறார்.

வருகிற வெள்ளிக்கிழமை மலையடிவாரக் கோயிலுக்குத் தாங்கள் மட்டும் வரவும். தங்கள் மனைவியை அழைத்து வர வேண்டியதில்லை. கோயில் கிணற்றில் குளித்து, மூன்று வாய் ஊட்டிவிட்டு, அப்படியே திரும்பிவிடலாம். வீடு வரை வரும் சிரமம் வேண்டாம்.

குழந்தை சற்று மெலிவு. வேறு விசேஷம் இல்லை.

தங்கள் அன்புள்ள,
தண்டாயுதபாணி

*

நாச்சிமுத்து,

மேலே இருப்பது அய்யன் சொல்லச் சொல்ல எழுதியது. முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டார். தலையாட்டினார். 'சிரமம் வேண்டாம்' என்பது மட்டும் என் சொல். அவர் சொன்னதை எழுத முடியவில்லை.

இது தபாலாபீஸ் மேஜையில், பென்சிலில் எழுதுவது. இனி நீ என்றே எழுதுகிறேன். விடுதியில் நான்கு வருஷம் ஒரே அறையில் அப்படித்தான் இருந்தோம்.

குழந்தை சௌக்கியம் இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம். அழுகைகூடச் சிறுத்துவிட்டது. சௌந்திரத்துக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. பசும்பாலைச் சங்கில் ஊற்றினால் நாலு மிடறு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஏழாம் மாதம் அய்யன் தூரத்து உறவில் ஒருவரை மாமன் முறைக்கு அழைத்து வந்தார். சௌந்திரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள். என் அண்ணன் உயிரோடு இருக்கும்போது வேறு மாமன் எதற்கு என்றாள். அவள் சொன்னது நியாயம். அய்யனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒரு புத்தகத்தோடு கிணற்றடிக்குப் போனேன். அப்படியே மூன்று மாதம் போயிற்று.

பசி என்று ஒன்று தானாகவே இருக்கும், நாம் எப்போது வேண்டுமானாலும் போய்ச் சோறு போடலாம் என்று நினைத்திருந்தோம். அது காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுமாம். நாமக்கல் டாக்டர் சொன்னார். இத்தனை மாதம் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பி.ஏ. படித்தவன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து முறையைத் தூக்கி எறிந்துவிட்டு, அய்யனுக்குத் தெரியாமல் சௌந்திரம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். பருப்புத் தண்ணீர். குழைந்த சோறு. வாழைப்பழம். எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினான். பிறகு கிண்ணத்தைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டான்.

தொக்கம் எடுக்கிறவளை அழைத்து வந்தார்கள். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊதினாள். உள்ளங்கையை விரித்து ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டினாள். ஒரு வாய்ச் சோறுகூட உள்ளே போகாத குழந்தையின் வயிற்றிலிருந்து. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை. கடலைக்காட்டில் வேப்பமரத்தடியில் குழந்தையைத் துணியில் விட்டிருந்தோம். களை வெட்டுகிற ராசாத்தி சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தன் சட்டியில் கம்பங்களியை மோரில் கரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவளை நோக்கித் தவழ்ந்தான். தவழ்ந்தான் என்பதைவிட, தன்னை இழுத்துக்கொண்டு போனான். சட்டிக்குள் கையை விட்டான். அவள் பயந்துபோய் நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அவன் உதட்டில் வைத்தாள். உண்டான். இன்னொன்று. மூன்றாவது. நான்காவதற்குத் தானாகவே வாயைத் திறந்தான். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் அய்யன்.

'ஏண்டி, ஆரூட்டுக் கொழந்தைக்கு ஆரு கை?' என்றார். ராசாத்தி எழுந்து சட்டியை முந்தானையால் மூடினாள். 'சாமி, கொழந்தை தானா வந்து வாயைத் தொறந்துச்சுங்க. தொறந்த வாயை நான் என்னங்க பண்ணட்டும்?' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு அந்த மூன்று வாயையும் வெளியே எடுத்தார்கள். மஞ்சள் நீரில் குளிப்பாட்டினார்கள். ராசாத்தி இனிக் காட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சமத்துவத்தைப் பற்றி விடுதியில் நான் பேசிய பேச்சுகள் உனக்கு நினைவிருக்கும். எனக்கும் அங்கே நிற்கும்போது நினைவு வந்தது.

மறுநாள் மாட்டுக்கொட்டகையில், யாரும் இல்லாதபோது, கம்பங்களியை மோரில் கரைத்து என் விரலில் எடுத்துக்கொண்டு போனேன். கந்தன் விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாயை இறுக்கிக்கொண்டான். அய்யன் எதிரில் நான் அவனைத் தூக்கியதில்லை. பெரியவர்கள் முன்னால் பெற்ற பிள்ளையைத் தூக்குவது மரியாதை இல்லை. பத்து மாதத்தில் என் கை அவனுக்குப் பழகவே இல்லை.

சௌந்திரம் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். 'ஏனுங்க, உங்க அய்யனுக்கு மானம் இருக்குதுங்க. எனக்கு ரோசம் இருக்குதுங்க. உங்களுக்குப் படிப்பு இருக்குதுங்க. எம்பட கொழந்தை வகுத்துலதான் ஒண்ணுமே இல்லீங்க' என்றாள். அழவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வாழ்த்துத் தந்தி அடித்தேன், இதே மேஜையிலிருந்து. ஐந்து சொற்கள். அன்று வந்து உன் பக்கத்தில் நின்றிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வராதே. அதற்கு முன்னால், வியாழக்கிழமை காலை, சேலம் ஜங்ஷனுக்கு வா. உன் மனைவி சாரதாமணி அம்மாளோடு வா. பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று சொல்லி, சௌந்திரத்தையும் குழந்தையையும் பஸ்ஸில் அழைத்து வருகிறேன். அவளுக்குச் சம்மதம். துணிமூட்டை கட்டியாகிவிட்டது. இருவரையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு டிக்கெட் எடுக்காதே. வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் இருப்பதைவிட இது மேல்.

சாரதாமணி அம்மாளிடம் சொல். முதல் வாய் அவர்கள் கையால் போகட்டும். துப்புவான். மறுபடி வைக்கச் சொல். அதற்கும் மறுபடி. கம்பு அங்கே கிடைக்குமா தெரியாது, மூட்டையில் இரண்டு படி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அய்யன்தான் முதலில் பிரிப்பார். எனவே ஒன்றும் எழுத வேண்டாம். கந்தன் ஒரு வாய் உண்ட அன்று ஒரு கார்டு மட்டும் போடு. விலாசத்தைத் தவிர ஓர் எழுத்தும் இல்லாத கார்டு. அய்யனுக்கு அதில் படிக்க எதுவும் இருக்காது. எனக்கு இருக்கும்.

தண்டாயுதபாணி