மஞ்சள் பூ மரத்துக்குப் போகும் வழி

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? நீ வளர்த்து, உன்னையே கொட்டும் தேனீக்களும் நலமாக இருக்கட்டும். போன நிகழ்ச்சித் துண்டுத்தாளில் உன் பெயர் விட்டுப்போனதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயாமே, அம்மா சொன்னாள். தாளில் இடமில்லையடி, வேறென்ன?

இப்போது பூங்கா அரங்கில் புது ஆட்டம். அம்மா ஆடும் வட்டக் கைதட்டு ஆட்டத்தையும் உன் தேனீக்களின் ஆட்டத்தையும் கலக்கப்போகிறேன். வெளியே நிற்கும் மஞ்சள் பூ மரத்துக்குத் தேனீ எப்படி ஆடி வழி சொல்லும்? வரைந்து அனுப்பு. பார்வையாளர்கள் ஆட்டத்தைப் படித்து, நடந்துபோய் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த முறை உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில். சத்தியம்.

உன் அக்கா

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

முகத்தைத் தூக்கி வைக்கவில்லை, வீக்கம் வடியவில்லை, அவ்வளவுதான். போன வருடம் கொட்டு வாங்கிக் கண் வீங்கியது எனக்கு. உன் பேட்டியில் தலை வீங்கியது உனக்கு. அதையும் படித்தேன்.

சத்தியம் செய்திருக்கிறாய், அனுப்புகிறேன். மேடை விளக்குதான் சூரியன். அதிலிருந்து எவ்வளவு சாய்ந்து இடுப்பை ஆட்டியபடி ஓடுகிறாயோ, வெளியே நிஜச் சூரியனிலிருந்து அதே சாய்வுதான் திசை. எவ்வளவு நேரம் ஆட்டுகிறாயோ அது தூரம். பிறகு ஒருமுறை இடமாக, மறுமுறை வலமாகச் சுற்றித் திரும்பு, அங்கே அம்மாவின் கைதட்டு அச்சாகப் பொருந்தும். வரைபடம் மாலை வெயிலுக்குப் போட்டது. வேளை மாறினால் அதுவும் மாறும். ஒருநாள் வா, படிக்கக் கற்றுத்தருகிறேன்.

உன் குட்டி

பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

வர நேரமேது? ஆடத் தெரிந்தால் போதாதா! துண்டுத்தாள் அச்சாகிவிட்டது, ஆட்டத்தைப் படிக்கும் முறையை நீ எழுதியபடியே போட்டாயிற்று, இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். 'கருத்து, ஆராய்ச்சி, நடனம்' மூன்றுக்கும் என் பெயரையே போட்டுவிட்டார்கள். "ரெண்டு பேர் இருந்தா ஜனங்க குழம்பிடுவாங்க மேடம்" என்றார் அச்சகத்துக்காரர். நமக்குள் என்ன, வேற்று மனுஷியா நீ? ஆட்டம் முடிந்ததும் மரத்தடியில் எனக்குப் பாராட்டு. முன் வரிசையில் வந்து உட்கார்.

உன் அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. நல்ல அச்சு. ஒரு சின்னத் திருத்தம்: இத்துடன் வேறு வரைபடம் வைத்திருக்கிறேன், இதையே ஆடு. இன்னும் இடப்பக்கம் சாய். இடுப்பாட்டம் கொஞ்சம் நீளட்டும். பார்க்கிறவர்களுக்கு வழி தப்பக்கூடாது பார். நான் வரவில்லை, அன்றைக்கு வீட்டில் வேலை இருக்கிறது.

குட்டி

மார்ச் 3

அடி பாவி,

மரத்தடியில் மாலையும் கழுத்துமாக நின்றேன். ஒரு ஈ காக்கை வரவில்லை! மொத்தக் கூட்டமும் துண்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு உன் தெருவுக்குப் போயிருக்கிறது. "ஆட்டம் இந்த வீட்டத்தான் காட்டுச்சு" என்று உன் வாசலில் நின்றார்களாமே. கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற வேலையா இது? அடுத்த வாரம் மறுபடி ஆட்டம், அதுவும் காலையில். பழைய வரைபடம் உதவாது. சரியானதை உடனே அனுப்பு.

அக்கா

மார்ச் 6

அக்கா,

தேன் எடுக்கிறவள் புறங்கையை நக்கத்தான் செய்வாள், அது எனக்குப் புரியும். நீ கூட்டையே தூக்கிக்கொண்டு போனாய். என் பெயருக்குத் தாளில் இடமில்லை என்றாய், அதனால் என் முகவரியை உன் இடுப்பில் வைத்தேன். ஒத்திகை முழுக்க நீ ஆடியது அதைத்தான். ஆராய்ச்சி செய்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

வந்தவர்கள் கதவில் இருக்கும் என் பெயர்ப் பலகையைச் சத்தமாகப் படித்தார்கள். கூடுகளைத் திறந்து காட்டினேன். ஒரு சின்னப் பெண், "இதெல்லாம் நீங்க கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வயிறு குளிர்ந்தது அக்கா, மறைக்க மாட்டேன்.

நீ கேட்ட காலை வரைபடம் இத்துடன் இருக்கிறது. மரத்துக்குத்தான் போகிறதா என்று நீயே படித்துப் பார்த்துக்கொள்.

உன் தங்கை